நோயா, இயல்பா? பந்தய நாய் கற்றுத்தரும் பாடம்

நீங்கள் ஒரு கால்நடை மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருப்பதாகச் சற்று நேரம் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே ஒரு நாய் நிற்கிறது. நீண்டு ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு. கிட்டப் போனால் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பெண் நாய், வயது நான்கு, எடை 27 கிலோகிராம், இனம் கிரேஹவுண்டு. அண்மைக்காலம் வரை பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பந்தயத் திடல் மூடப்பட்டுவிட்டதால், ஒரு குடும்பத்தார் அதை மீட்டு வந்து வளர்க்கிறார்கள்.

"டாக்டர், இது நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறது. தொடையின் பின்பக்கம் முடியும் இல்லை. என்ன நோய் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர்.

இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புகிறீர்கள். மறுநாள் அறிக்கை வருகிறது. அதில் நான்கு வரிகள் முக்கியமானவை. தைராக்சின் என்ற ஹார்மோன் குறைவு. இரத்தத் தட்டுகள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,10,000, அதுவும் குறைவு. கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் சற்று அதிகம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 39 விழுக்காடு; இது மட்டும் சரியான அளவு என்று அறிக்கை சொல்கிறது.

நான்கில் மூன்று தவறு, ஒன்று சரி. நீங்கள் எதற்கு மருத்துவம் பார்ப்பீர்கள்? அவசரப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்கள் விடை தலைகீழாக மாறியிருக்கும்.

நம் நாய் கற்பனை நாய்தான். ஆனால் அது சந்திக்கும் சிக்கல் முற்றிலும் உண்மை. பந்தயத்திலிருந்து மீண்ட கிரேஹவுண்டு நாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் இந்தச் சிக்கலை எதிர்கொள்கிறார்.

எங்கிருந்து வருகின்றன இந்த நாய்கள்?

கிரேஹவுண்டு மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் அன்று. கண்ணால் கண்டு துரத்தும் நாய். நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இப்படிக் கண்ணை நம்பித் துரத்துபவையே. ஓடும் முயலைக் கண்டால் துரத்தும் இந்தப் பழக்கத்தை மனிதன் பந்தயமாக மாற்றினான். 1919-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எமரிவில் என்ற ஊரில், இயந்திரத்தால் இழுக்கப்படும் பொம்மை முயலின் பின்னே நாய்களை ஓடவிடும் திடல் திறக்கப்பட்டது. 1926 ஜூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கும் இது வந்தது. பின்னர் அயர்லாந்து, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் பரவியது. சூதாட்டப் பணம் இதன் பின்னே புரண்டது.

காலப்போக்கில் மக்கள் மனம் மாறியது. கால் ஒடிந்த நாய்களும், வேகம் குறைந்ததும் ஒதுக்கப்பட்ட நாய்களும் பலருடைய மனச்சான்றை உறுத்தின. மக்காவ் நகரில் 1963 முதல் மீண்டும் நடந்துவந்த நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே 500-க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் எஞ்சியிருந்தன. விலங்கு நல ஆர்வலர்களின் முயற்சியால் அவை உலகின் பல நாடுகளில் உள்ள வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள், 2020 இறுதிக்குள் நாய்ப் பந்தயத்தை நிறுத்திவிட வேண்டும் என்று வாக்களித்தனர். இப்படித் திடல்கள் மூடப்படும்போதெல்லாம் நாய்களுக்கு வீடு வேண்டும். வீடு கிடைத்ததும் மருத்துவர் வேண்டும்.

ஓடுவதற்கென்றே ஓர் உடல்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பந்தயத்தில் ஒரு நல்ல கிரேஹவுண்டு 480 மீட்டரை ஏறத்தாழ 29 நொடியில் கடக்கிறது. 480-ஐ 29-ஆல் வகுத்தால் நொடிக்கு 16.5 மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மனிதரில் மிக வேகமாக ஓடியவர் உசேன் போல்ட். 2009-இல் பெர்லினில் அவர் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அது மணிக்கு 37.6 கிலோமீட்டர்தான்.

இந்த வேகம் எப்படி வருகிறது? கிரேஹவுண்டு ஓடும்போது அதன் முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போது ஒரு முறை. முன்னும் பின்னும் நீளும்போது ஒரு முறை.

இந்த ஓட்டத்துக்கு ஏராளமான தசை வேண்டும். தசைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைச் சுமப்பவை சிவப்பணுக்கள் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் படியும்; வைக்கோல் நிற நீர்மம் மேலே நிற்கும். பெரும்பாலான நாய்களில் 100 பங்கில் 37 முதல் 55 பங்கு வரை சிவப்பணுக்கள் இருக்கும். கிரேஹவுண்டிலோ 50 முதல் 65 பங்கு வரை இருக்கும். இந்த இரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயமும் பெரிதாக இருக்கிறது. மற்ற நாய்களில் உடல் எடையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடாக உள்ள இதயம், இதில் 1.2 விழுக்காட்டை எட்டுகிறது.

பல தலைமுறைகளாக வேகமாக ஓடிய நாய்களையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவு இது. மனிதன் வேகத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தான். ஆனால் வேகத்தோடு இரத்தம், இதயம், தோல், கல்லீரல் எல்லாவற்றிலும் தனித்தன்மைகள் சேர்ந்துவிட்டன.

'இயல்பு' என்பதை யார் முடிவு செய்தது?

சோதனை அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'இயல்பான அளவு' என்று இரண்டு எல்லைகள் அச்சிடப்பட்டிருக்கும். அவை எப்படிக் கிடைத்தன தெரியுமா? நலமாக உள்ள பல நாய்களின் இரத்தத்தைச் சோதித்து, கிடைத்த எண்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்குவார்கள். இரு முனைகளிலும் 2.5 விழுக்காட்டை நீக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 விழுக்காட்டை 'இயல்பு' என்று வைத்துக்கொள்வார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, நலமான நாய்களிலேயே 100-க்கு 5 எல்லைக்கு வெளியே நிற்கும். ஆகவே ஒரு நலமான நாய்க்கு 20 வகைச் சோதனைகள் செய்தால், சராசரியாக ஒன்றாவது எல்லையை மீறியிருக்கும். இரண்டாவது, அந்தப் பட்டியலை உருவாக்கியபோது எந்த நாய்களைச் சோதித்தார்களோ அந்த நாய்களுக்குத்தான் அது பொருந்தும். பல இன நாய்களைக் கலந்து தயாரித்த பட்டியலை வைத்துக் கிரேஹவுண்டை அளப்பது, எட்டாம் வகுப்பு மாணவர்களின் உயரப் பட்டியலைக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போன்றது.

இனி நம் நாயின் அறிக்கைக்குத் திரும்புவோம்.

மூன்று 'குறைகள்'

முதலில் தைராக்சின். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இதைச் சுரக்கிறது. சுரப்பி பழுதுபட்டால் நாய் சோம்பிக் கிடக்கும், முடி கொட்டும், இதயத் துடிப்பு மெதுவாகும். நம் நாய் படுத்தே கிடக்கிறது, தொடையில் முடியில்லை, இதயம் நிதானமாகத் துடிக்கிறது, ஹார்மோனும் குறைவு. எல்லாம் பொருந்திவிட்டது போலத் தோன்றுகிறது அல்லவா? இங்கேதான் பல கிரேஹவுண்டுகளுக்குத் தேவையில்லாமல் தைராய்டு மாத்திரை கொடுக்கப்படுகிறது.

ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள். கிரேஹவுண்டு சில நொடிகள் பறக்கும். மீதி நேரமெல்லாம் தூங்கும். அது அதன் சுபாவம். தொடையில் முடியின்மை நலமான கிரேஹவுண்டுகளிலும் மிகுதியாகக் காணப்படுவது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரனின் இதயம் ஓய்வில் மெதுவாகவே துடிக்கும். தைராக்சின் அளவும் நலமான கிரேஹவுண்டுகளில் பொதுப் பட்டியலின் கீழ் எல்லைக்கும் கீழேயே இருப்பது வழக்கம். தைராய்டு நோய் உண்மையாக வந்தால் பல நாய்களுக்கு உடல் பெருக்கும். நம் நாய்க்கோ விலா எலும்பு தெரிகிறது. அன்றியும், தைராய்டு சுரக்காதபோது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, "சுரந்து கொடு" என்று தூண்டும் ஹார்மோனைப் பெரும்பாலும் மிகுதியாக அனுப்பும். அதையும் அளந்து பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும். தேவையில்லாத நாய்க்குத் தைராக்சின் அளவு மீறிப் போனால் இதயம் படபடக்கும். எடை மேலும் குறையும்.

அடுத்தது கிரியாட்டினின். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் இந்தக் கழிவைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. அது இரத்தத்தில் மிகுந்தால் சிறுநீரகம் பழுதோ என்று ஐயம் எழும். ஆனால் கழிவு மிகுவதற்குச் சாக்கடை அடைப்பு மட்டுமா காரணம்? ஆலை பெரிதாக இருந்தாலும் கழிவு மிகும். கிரேஹவுண்டுக்குத் தசை அதிகம். ஆகவே கிரியாட்டினினும் சற்று அதிகம். சிறுநீரைச் சோதித்து, அது போதிய அடர்த்தியோடு இருந்தால் சிறுநீரகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அறியலாம்.

மூன்றாவது இரத்தத் தட்டுகள். காயத்தை அடைக்க முதலில் ஓடிவரும் நுண்துணுக்குகள் இவை. மற்ற நாய்களில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை இருக்கும். கிரேஹவுண்டில் 80,000 முதல் 2 இலட்சம் வரை இருப்பதே வழக்கம். எனவே 1,10,000 என்பது இந்த இனத்துக்கு இயல்பாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிரியும் இரத்தத் தட்டுகளைக் குறைக்கும். நாய்கள் நெருக்கமாக வாழும் கொட்டில்களில் உண்ணி எளிதில் பரவும். "இது இந்த இனத்தின் வழக்கம்தானே" என்று சொல்லி விட்டுவிட்டால் உண்மையான நோய் தப்பிவிடும். ஆகவே உண்ணி நோய்களுக்கான தனிச் சோதனையையும் மருத்துவர் செய்துவிடுவார். நம் நாய்க்கு அந்த நோய் இல்லை என்று வந்ததாகக் கொள்வோம்.

'சரி' என்ற எண்ணே ஆபத்து!

இப்போது அறிக்கையில் 'சரி' என்று குறிக்கப்பட்ட எண்ணைப் பாருங்கள். சிவப்பணுக்களின் பங்கு 39 விழுக்காடு. பொதுப் பட்டியலின்படி இது இயல்பு. ஆனால் கிரேஹவுண்டுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்தோம்? 50-க்கு மேல். ஒரு கிரேஹவுண்டுக்கு 58 இருக்க வேண்டிய இடத்தில் 39 இருந்தால், மூன்றில் ஒரு பங்கு சிவப்பணுக்கள் காணாமல் போயிருக்கின்றன என்று பொருள். இது இரத்தசோகை!

உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டியவை வெளுத்திருக்கின்றன. இரத்தம் எங்கே போயிற்று? மலத்தில் சிறிது எடுத்து உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வருவதை நுண்ணோக்கியில் பார்க்கிறீர்கள். முட்டைகள்! கொக்கிப்புழுவின் முட்டைகள். இந்தப் புழுக்கள் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுபவை. பல நாய்கள் ஒரே மண்ணில் நடமாடும் இடங்களில், மண்ணிலுள்ள இளம்புழுக்கள் வாய் வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் புகுந்துவிடுகின்றன.

"புழு மருந்து கொடுத்தால் தீர்ந்தது" என்பீர்கள். அவ்வளவு எளிதன்று. பந்தய நாய்ப் பண்ணைகளில் புழு மருந்து அடிக்கடி, ஆண்டுக்கணக்காகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கு எளிதில் மடியும் புழுக்கள் மடிந்தன. தாக்குப்பிடித்த சில புழுக்கள் முட்டையிட்டுப் பெருகின. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு நாயின் குடலுக்குள்ளேயே நடந்தது! அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பந்தயக் கிரேஹவுண்டுகளில், பல வகை மருந்துகளுக்கும் மசியாத கொக்கிப்புழுக்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மலத்தை மீண்டும் சோதித்து, முட்டைகள் குறைந்தனவா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் வேறு மருந்தை நாட வேண்டும்.

தூங்கினால் எழுவது எப்போது?

நம் நாயின் இரத்தம் தேறிவிட்டது. இனி அதற்குப் பற்களில் படிந்த காறையை நீக்க வேண்டும். கருத்தடை அறுவையும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் மயக்க மருந்து தேவை. இங்கே இன்னொரு கண்ணி காத்திருக்கிறது.

தயோபென்டோன் என்ற மயக்க மருந்து நெடுங்காலம் உலகெங்கும் வழக்கில் இருந்தது. அதைச் செலுத்தினால் மற்ற நாய்கள் விரைவில் தெளிந்து எழுந்துவிடும். கிரேஹவுண்டுகள் மட்டும் பல மணி நேரம் தள்ளாடிக் கிடந்தன. காரணம் என்ன? இந்த மருந்து கொழுப்பில் கரைவது. மூளையிலிருந்து விலகி உடல் கொழுப்பில் புகும்போது மயக்கம் தெளியும். கிரேஹவுண்டில் கொழுப்பு மிகக் குறைவு. எனவே மருந்துக்கு ஒதுங்க இடமில்லை. இப்படித்தான் முதலில் விளக்கம் சொன்னார்கள். நம்பும்படியான விளக்கம்தான். ஆனால் அது முழு உண்மையா?

1988-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. பினோபார்பிட்டால் என்ற மருந்து, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கவல்லது. அதைக் கிரேஹவுண்டுகளுக்குச் சில நாள் கொடுத்துவிட்டுப் பிறகு தயோபென்டோனைச் செலுத்தினார்கள். இப்போது மருந்து உடலிலிருந்து முன்னைவிட வேகமாக வெளியேறியது. கொழுப்பு கூடவில்லை, கல்லீரல் நொதிகள்தாம் கூடின. ஆகவே முக்கியமான குறை கல்லீரலில் இருந்தது என்பது விளங்கிற்று. பின்னர் 2020-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைட்டோகுரோம் பி-450 என்ற நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியின் மரபணுவில் கிரேஹவுண்டுகளில் உள்ள வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்கள்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கும்போது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் விடும் சோதனையே வழிகாட்டும் என்பதை நினைவில் வையுங்கள். இன்று மருத்துவர்கள் கிரேஹவுண்டுகளுக்குத் தயோபென்டோனைத் தவிர்க்கிறார்கள். மற்ற மருந்துகளையும் அளவறிந்து, சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். கொழுப்பும் அடர்ந்த முடியும் இல்லாத உடல் அறுவை மேசையில் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால், போர்வை போர்த்தி உடல் வெப்பத்தையும் கவனித்து வருகிறார்கள்.

இரண்டாம் நாள் கசிவு

அறுவை நன்றாக முடிந்தது. நாய் எழுந்து வாலாட்டுகிறது. வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அனுப்பலாம், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு.

சில கிரேஹவுண்டுகளுக்கு, அறுவை முடிந்து ஒன்றரை நாள், இரண்டு நாள் கழித்து இரத்தக் கசிவு தொடங்கும். தையலைச் சுற்றித் தோல் கருநீலமாகும். அது காலுக்கும் பரவும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், கருத்தடை அறுவை செய்த கிரேஹவுண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இவ்வாறு நேர்ந்தது. வியப்பு என்னவென்றால், அறுவைக்கு முன் செய்யும் வழக்கமான இரத்த உறைவுச் சோதனைகள் இந்த ஆபத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை.

அணை கட்டுவதில் குறையில்லை. கட்டிய அணை நிலைப்பதில்தான் குறை. காயம் பட்டதும் இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகிறது. காயம் ஆறிய பிறகு அந்த அடைப்பை உடலே மெல்லக் கரைத்துவிடும். இந்த நாய்களில் அடைப்பு வலுவிழந்து, காயம் ஆறும் முன்பே கரைந்துவிடுகிறது என்று கருதுகிறார்கள். அடைப்புக் கரைவதைத் தடுக்கும் அமினோகப்ராயிக் அமிலத்தை அறுவையை ஒட்டிச் சில நாள் கொடுத்தபோது, கசிவு ஏற்பட்ட நாய்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆகவே விவரமறிந்த மருத்துவர் இந்த மருந்தையோ, இதே வேலையைச் செய்யும் டிரானெக்சாமிக் அமிலத்தையோ முன்கூட்டியே கொடுத்து அனுப்புவார். "மூன்று நான்கு நாள் வரை தையலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றும் சொல்லுவார்.

நொண்டும் கால் சொல்லும் கதை

ஒருநாள் நம் நாய் நொண்டுகிறது. மூன்று காரணங்களை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார்.

ஒன்று, பழைய எலும்பு முறிவு. பெரும்பாலான திடல்களில் நாய்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், இடப்பக்கமாகவே திரும்பி ஓடுகின்றன. வளைவில் திரும்பும்போது மையநோக்கு விசை வேண்டும். வேகம் இரு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு வேண்டும் என்பதை இயற்பியலில் படித்திருப்பீர்கள். 2005-இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அஷர்வுட், வில்சன் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். மனிதன் வளைவில் ஓடும்போது பாதம் தரையைத் தொடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு காலின் மீது விழும் விசையைச் சமாளிக்கிறான். ஆகவே வேகமும் குறைகிறது. கிரேஹவுண்டோ அந்த நேரத்தை மாற்றுவதே இல்லை. அதனால் இறுக்கமான வளைவில் அதன் கால்கள் 65 விழுக்காடு கூடுதலான விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எப்போதும் ஒரே பக்கம் திரும்புவதால், வலது பின்னங்காலின் கணுக்கால் எலும்பு ஒன்று மீண்டும் மீண்டும் நசுங்கி, இறுதியில் உடைகிறது. ஓய்வுபெற்ற நாயின் கணுக்காலில் காணும் தடிப்பு, அது எந்தப் பக்கம் திரும்பி ஓடியது என்பதைச் சொல்லிவிடும்!

இரண்டாவது காரணம், பாதத்தில் கால் ஆணி. மற்ற நாய்களில் அரிதான இது கிரேஹவுண்டுகளில் அடிக்கடி வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தார்ச்சாலையில் நொண்டும் நாய் புல்தரையில் ஒழுங்காக நடந்தால் பாதத்தின் அடியைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் மிகக் கொடியது. முதிய கிரேஹவுண்டுகளை எலும்புப் புற்றுநோய் அதிகமாகத் தாக்குகிறது. காலின் நீண்ட எலும்பில் வீக்கமும் தீராத வலியும் இருந்தால் 'சுளுக்கு' என்று நாள் கடத்தாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

புதிய வீட்டில்

மருந்து மட்டும் மருத்துவம் ஆகாது. பிறந்தது முதல் கொட்டிலிலும் திடலிலும் வாழ்ந்த நாய் மாடிப்படியைக் கண்டதில்லை. ஏறத் தெரியாமல் நடுங்கும். கண்ணாடிக் கதவு என்பது திறந்த வெளி அன்று என்று அதற்குத் தெரியாது, முட்டிக்கொள்ளும். கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி வைத்தால் போதும். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரலாம். பெயர் சொல்லி அழைத்து எழுப்ப வேண்டும். தலையைவிடக் கழுத்து பருத்திருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டை வேண்டும். தோல் மெல்லியது, முள் கீறினாலும் பெரிதாகக் கிழியும். பூனையோ அணிலோ ஓடினால் துரத்தாமல் இராது. ஆகவே வேலியில்லாத இடத்தில் அவிழ்த்து விடக்கூடாது.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பு மாணவர் அனைவரின் உயரத்தையும் அளந்து வரிசைப்படுத்துங்கள். 40 பேர் இருந்தால் மிகக் குட்டையான ஒருவரையும் மிக நெட்டையான ஒருவரையும் நீக்குங்கள். எஞ்சிய 38 பேரின் எல்லையே உங்கள் வகுப்பின் 'இயல்பு'. நீக்கப்பட்ட இருவருக்கும் ஏதேனும் நோய் உண்டா? இனி அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போங்கள். அங்கே எத்தனை பேர் 'குறைபாடு உள்ளவர்' ஆகிறார்கள் என்று எண்ணுங்கள். காரணத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அடுத்து ஓய்வாக அமர்ந்து ஒரு நிமிடத்துக்கு நாடித்துடிப்பை எண்ணுங்கள். உங்கள் பள்ளியின் ஓட்டப்பந்தய வீரர் ஒருவரின் நாடியையும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது மீண்டும் அந்த நாற்காலியில் அமருங்கள். வீட்டுக்காரர் காத்திருக்கிறார். தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால், கொக்கிப்புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும். 'சரி' என்று அச்சான எண் அதை மறைத்தே இருந்திருக்கும். நீங்கள் எண்களை ஒதுக்கவில்லை. அவை யாரை அளந்து பெற்ற எண்கள் என்று கேட்டீர்கள். பிறகு நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தீர்கள். நம் நாய் பிழைத்தது அதனால்தான்.